முன்சக்கரத்தில் ஆட்டம்: திருமலைச் சாலையும் பழுதுநீக்கும் அறிவின் வரலாறும்

1944 ஏப்ரலில் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் திருமலைக்கான முதல் மலைச்சாலையைத் திறந்துவைத்தார். சித்தூர் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அதுவரை நடந்தோ டோலியில் அமர்ந்தோ மலையேறியவர்களுக்கு அன்றுமுதல் மோட்டார் வழி கிடைத்தது. இச்சாலையின் வரலாற்றைப் பொறியியல் சாதனையாகவோ கோயில் நிர்வாகத்தின் வளர்ச்சியாகவோ எழுதுவது வழக்கம். அதில் ஏறி இறங்கிய வண்டிகளை ஓடும் நிலையில் வைத்திருந்த பட்டறைகள் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. அவற்றின் அறிவு எத்தகையது என்பதை அறிய, பழைய கார் ஒன்றின் முன்சக்கரத்தில் தோன்றும் ஆட்டத்தைப் பின்தொடர்வதே போதும்.

இரண்டு தலைமுறைக் காலம் இவ்வட்டாரத்தின் வாடகைக் காராகவும் அரசு அலுவலர்களின் காராகவும் விளங்கியது அம்பாசிடர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் இறுதியில் இதனைத் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. இதன் முன்பக்க அமைப்பின் மூதாதையை 1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனரில் காணலாம். அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். சுருள்வில்லுக்குப் பதிலாக 'டார்ஷன் பார்' எனும் நீண்ட உருக்குத் தண்டு முறுகி வண்டியின் எடையைத் தாங்குகிறது. சக்கரத்தைத் திருப்பும் நிமிர்ந்த தண்டின் மரைகள் 'ட்ரனியன்' என்ற உலோகத் துண்டுக்குள் சுழல்கின்றன. மரைக்கும் மரைக்கும் இடையில் இருக்கும் மெல்லிய கிரீஸ் படலமே இவ்வமைப்பின் உயிர்நாடி.

கிரீஸ் வற்றினால் உலோகம் உலோகத்தை அரைக்கும். தூசியும் மழைநீரும் சேர்ந்தால் தேய்மானம் விரைவுபடும். மரைகள் முற்றிலும் தேய்ந்துவிட்டால் தண்டு கழன்று சக்கரம் வண்டியின் அடியில் மடங்கிவிடும். மோரிஸ் மைனரில் நன்கறியப்பட்ட இப்பழுது, பெரும்பாலும் மெதுவான ஓட்டத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது நேர்கிறது. கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றும் ஓட்டுநரிடம் கேட்பது அதைத்தான். 1970-களில் இரண்டாவது சாலை அமைந்தபின் பழைய சாலை இறங்குவதற்கு உரியதாயிற்று. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் எடை முன்சக்கரங்களின்மேல் சாய்கிறது. சமவெளியில் வெறும் சத்தமாக இருக்கும் ஆட்டம் மலையில் உயிர்ப் பிரச்சினையாகும்.

பட்டறையின் ஆய்வு சத்தத்திலிருந்து தொடங்குகிறது. மேடுபள்ளத்தில் எழும் தடதடப்பு, பிரேக் அடிக்கையில் கேட்கும் ஒற்றை 'டொக்', டயரின் ஓரத்தில் காணும் சீரற்ற தேய்வு ஆகியவை முதற்குறிகள். ஆயினும் இக்குறிகளுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறியும் முறை எளிமையானது, தருக்கமோ கூர்மையானது. கீழ்க்கையின் அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, வண்டியைத் தாங்கியின்மேல் நிறுத்துகின்றனர். கடிகார முகத்தில் 12-உம் 6-உம் இருக்கும் இடங்களில் சக்கரத்தைப் பிடித்து மெக்கானிக் அசைக்கிறார். ஆட்டம் தென்பட்டால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கிறார். இப்போது ஆட்டம் மறைந்தால் குறை சக்கர பேரிங்கில் இருக்கிறது; மறையாவிடில் ட்ரனியனிலோ அதனைச் சார்ந்த மூட்டுகளிலோ இருக்கிறது. பிரேக் சக்கரத்தையும் அச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால் பேரிங் கணக்கிலிருந்து நீங்குகிறது.

அடுத்து 3, 9 மணி நிலைகளில் அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஐயம் டை ராட் முனைகளின் பக்கம் திரும்பும். கடப்பாரையால் கீழ்க்கையை நெம்பினால் ரப்பர் புஷ்களின் நிலை வெளிப்படும். மட்கார்டை அழுத்திவிட்டபின் வண்டி ஓரிருமுறைக்கு மேல் துள்ளினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு காரணத்தை மட்டும் விலக்கிச் செல்லும் இந்த ஒழுங்கு எந்த ஆய்வுக்கூடத்திற்கும் அந்நியமானதன்று.

பழுதுநீக்கத்திலும் இதே ஒழுங்கு தொடர்கிறது. பேரிங்கைக் கழுவி, புதிய கிரீஸ் இட்டு, நட்டைச் சரியான இறுக்கத்தில் நிறுத்தி ஸ்பிளிட் பின் போடுவதுடன் ஒரு வகைக் குறை தீர்கிறது. ட்ரனியன் தேய்ந்திருந்தால் தண்டையும் அதனுடன் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த மரையோடு புதிய மரையை இணைப்பது பழுதை ஒத்திப்போடுவதே ஆகும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டியின் எடை சக்கரங்களின்மேல் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்குகின்றனர். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழியும். கடைசியில் கயிறோ அளவுநாடாவோ பிடித்து இரு முன்சக்கரங்களின் நேர்நிலையைச் சரிபார்க்கின்றனர்.

சித்தூர், திருப்பதி வட்டாரம் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்பகுதி. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்த பின்னரும் கோட்டின் இருபுறமும் இரு மொழிகளும் நீடித்தன. இங்கு 'ஆடு' என்ற வினையடி இருமொழிக்கும் பொதுவானது. அசைவையும் விளையாட்டையும் ஒருங்கே குறிப்பது. பட்டறைகளில் புழங்கும் 'பிளே' என்ற ஆங்கிலச் சொல்லிலும் அதே இருபொருள் அமைந்திருப்பது கருதத்தக்கது. தமிழ் மெக்கானிக்கின் பேச்சில் 'ஆட்டம் இருக்கு' என்பது அறிகுறியைக் கூறும் தொடர். 'புஷ் போயிடுச்சு' என்பது தீர்ப்பைக் கூறும் தொடர். இவ்விரு தொடர்களுக்கும் இடையிலுள்ள தொலைவே மேலே கண்ட சோதனைகள் அனைத்தும்.

1983 டிசம்பரில் மாருதி 800 அறிமுகமானது. அதன் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் மூடி முத்திரையிட்ட பால் ஜாயிண்ட்டுகள் இருந்தன. கிரீஸ் நிப்பிள்களுக்கு வேலை குறைந்தது. வாட்டர் சர்வீஸின்போது வண்டியைத் தூக்கி ஒவ்வொரு நிப்பிளிலும் கிரீஸ் கன் பிடித்த வழக்கம், பழைய வண்டிகள் மறைய மறைய அருகியது. புதிய அமைப்பு பராமரிப்பைக் குறைத்தது; அது பயணிகளுக்கு நன்மையே. ஆனால் பராமரிப்போடு சேர்ந்து, மூட்டைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் குறைந்தது. தேய்மானத்தை அதன் தொடக்கத்திலேயே கண்டறிந்தது அந்தத் தொடுகைதான்.

டேவிட் எட்ஜர்டன் 2006-இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' நூல், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பிலிருந்து பயன்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் திருப்பியது. டேவிட் ஆர்னால்டு 2013-இல் வெளியிட்ட 'எவ்ரிடே டெக்னாலஜி', தையல் எந்திரம், மிதிவண்டி, தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றின் வழியே இந்திய நவீனத்தை வாசித்தது. அவ்வரிசையில் பட்டறையையும் சேர்க்க வேண்டும். திருமலைச் சாலையைத் திறந்தவரின் பெயரும் ஆண்டும் ஆவணத்தில் உள்ளன. பிரேக்கை மிதிக்கச் சொல்லிச் சக்கரத்தை அசைத்துப் பார்த்தவரின் முறைக்கு ஆவணம் அவர் கைகளே. அம்முறையைக் கற்றவர்கள் இருக்கும்போதே அதனைப் பதிவுசெய்வது வாய்மொழி வரலாற்றாய்வின் முன்னுள்ள பணி. காலம் கடந்தால் செய்ய இயலாத பணியும்கூட.