கோத்தும்பிக்கு ஒரு பேழை

இளவேனில் என்று நம் இலக்கணம் சொல்வது சித்திரையையும் வைகாசியையும். வேம்பும் புங்கும் பூத்து, வண்டினம் மொய்க்கும் காலம் அது. மேலைநாடுகளில் வசந்தத்தை வரவேற்க வீடுகளில் செய்யும் கைவினைப் பொருள்களுள் 'ஷேடோ பாக்ஸ்' என்பதும் ஒன்று. ஆழம் குறைந்த மரப்பெட்டி, முன்புறம் கண்ணாடி, உள்ளே காகிதம், துணி, மரம், உலர்பூ, மெழுகு எனப் பல பொருள்களைக் கலந்து அமைத்த ஒரு காட்சி. உருவங்களுக்கும் பின்பலகைக்கும் நடுவே இடைவெளி விடுவதால் நிழல் விழுகிறது. பேழைக்கு ஆழத்தைத் தருவது அந்நிழல்தான். வசந்தப் பேழைகளில் தேனீ மிகவும் விரும்பப்படும் உருவம். நிழற்பேழை என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

கடலூர், சிதம்பரம் பகுதிக் கல்லூரி மாணவியரிடமும் இப்போது இந்த ஆர்வம் பரவியிருக்கிறது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தேனீக்களைப் பெட்டிக்குள் ஒட்டிவிட்டு, அதன் கீழே எழுத ஒரு தமிழ் வரி வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒரு வரியைத் தருவது எளிது. எனினும் தேனீயைப் பேழைக்குள் வைக்க விரும்பும் ஒருவர் இந்த மண்ணிலிருந்து எதையெதை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் பார்த்தால், அதற்கு நீண்டதொரு வரலாறு இருப்பது தெரியவருகிறது. அதையே இங்கு எழுத முயல்கிறேன்.

மாடமும் பலகையும்

நிழற்பேழை நமக்கு முற்றிலும் புதியதன்று. பழைய வீடுகளின் சுவரில் விளக்கு வைக்கும் மாடக்குழி, உருவமும் நிழலும் சேர்ந்து தோன்றுவதற்கென்றே அமைந்த இடம். கோயிற் சுவரின் தேவகோட்டம் அதன் பெருவடிவம். வெயில் நகர நகர, கோட்டத்துச் சிற்பத்தின் முகம் மாறுவதைச் சிதம்பரம் கோயிலைச் சுற்றி வருவோர் கண்டிருப்பர். தஞ்சாவூர் ஓவியமோ பல பொருள்களின் கலப்பு: பலாப்பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, சுண்ணத்தூளும் பசையும் கலந்து எழுப்பிய புடைப்பு, கண்ணாடிக் கற்கள், பொன்தகடு, முடிவில் கண்ணாடிச் சட்டம். நீர்நிலைகளில் வளரும் நெட்டியின் வெண்மையான தண்டைச் சீவிக் கோயில் உருவங்கள் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் தஞ்சைக் கைவினையும் இவ்வகையினதே.

இந்தக் கலைகளுக்குத் தஞ்சை பெயர் பெற்றிருந்தாலும், பலாவுக்குப் பெயர் பெற்றது கடலூர் மாவட்டத்துப் பண்ணுருட்டி. அவ்வூர் கொலுப் பொம்மைகளுக்கும் புகழ்பெற்றது. களிமண்ணையும் காகிதக் கூழையும் அச்சில் இட்டு, உலர்த்தி, வண்ணம் தீட்டும் கலை அங்கு இருக்கிறது. கடலூர் வண்டிப்பாளையத்திலும் இருக்கிறது. தேனீயின் உடலைப் பிளாஸ்டிக்கில் தேட வேண்டியதில்லை. காகிதக் கூழில் விரல்நுனி அளவு உருட்டினால் போதும்.

பலாவோடு ஒரு துயரமும் சேர்ந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயல், இம்மாவட்டத்தின் பலா, முந்திரித் தோப்புகளை ஒரே விடியலில் சாய்த்தது. முந்திரி பூக்கும் பருவம் தொடங்க இருந்த நேரம் அது. மனிதர் இழந்த விளைச்சலுக்கு நிவாரணக் கணக்கு எழுதப்பட்டது; அந்தப் பூக்களை நம்பியிருந்த தேனீக்களுக்கு எவரும் கணக்கு எழுதவில்லை.

செவியில்லாத தும்பி

இனிச் சொல்லுக்கு வருவோம். வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி, அளி, அறுகால் என்று பூவை நாடும் சிற்றுயிருக்கு நம் மொழியில் பெயர்கள் பல. இன்று பேச்சில் தும்பி என்றால் தட்டானைக் குறிக்கிறோம். பழைய இலக்கியத்தில் அது தேனுண்ணும் வண்டு.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும்போது, தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவுடையதாக வைக்கிறது. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல் உண்டு, கேட்டல் இல்லை. ஆனால் நம் புலவர்கள் ஓயாது பேசியது இந்தச் செவியில்லாத உயிரிடம்தான். இறையனார் பாடியதாகக் குறுந்தொகையில் வைக்கப்பட்டுள்ள இரண்டாம் பாடலில், தலைவன் தன் ஐயத்தைத் தும்பியிடம் கேட்கிறான். எனக்கு உவப்பானதைச் சொல்லாதே, நீ அறிந்ததைச் சொல் என்கிறான். தருமிக்குப் பொற்கிழி பெற்றுத் தந்ததாகத் திருவிளையாடற் கதை சொல்வது இந்தப் பாடலையே.

தில்லையில் அந்தக் குரல் வேறொரு நிலைக்கு உயர்கிறது. திருவாசகத்தின் 51 பகுதிகளுள் பத்தாவது திருக்கோத்தும்பி. இருபது பாடல்கள், தில்லையில் அருளப்பட்டவை என்பது மரபு. பூவிலுள்ள தினையளவு தேனைத் தேடாமல் இறைவன் திருவடியில் சென்று ஊதுமாறு மணிவாசகர் அரச வண்டிடம் வேண்டுகிறார். குறுந்தொகைத் தலைவன் தும்பியிடம் செய்தி கேட்டான். மணிவாசகர் தும்பியைத் தூது அனுப்புகிறார்.

'கோ' என்றால் அரசன். கூட்டின் தலைமை ஓர் அரசன் என்று எண்ணியது நாம் மட்டுமல்லர். கிரேக்கத்தின் அரிஸ்டாட்டிலும் அவ்வாறே எழுதினார். 1609-இல் இங்கிலாந்தின் சார்லஸ் பட்லர் தம் நூலில் அதைப் பெண்ணரசு என்று அழைத்தார். அதே நூற்றாண்டில் ஹாலந்தின் ஸ்வாமர்டாம் உடற்கூற்றை ஆராய்ந்து, 'அரசன்' உடலுள் கருவகம் இருப்பதைக் காட்டினார். கோத்தும்பி உண்மையில் ஓர் அரசி. ஆயினும் பூவுக்குப் பூ சென்று தேன் திரட்டுபவள் அரசியும் அல்லள். கூட்டின் பெயரற்ற வேலைக்காரத் தேனீ.

தேனின் எச்சம்

அந்த வேலைக்காரத் தேனீயின் அடிவயிற்றில் சுரப்பதே மெழுகு. தான் சேர்த்த தேனையே பெருமளவு உண்டு, அதை மெல்லிய செதிலாகச் சுரந்து, வாயால் மென்று, அறுகோண அறைகளாகக் கட்டுகிறது. தேனை எடுத்தபின் எஞ்சும் அடையை உருக்கினால் தேன்மெழுகு. வடமொழிச் சிற்பநூல்கள் இதை 'மதூச்சிட்டம்', அதாவது தேனின் எச்சம் என்கின்றன. மெழுகைக் கொண்டு உலோகத் திருமேனி வார்க்கும் முறைக்கு மதூச்சிட்ட விதானம் என்று பெயர். மானசாரம் இதனைப் பேசுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசமும் விரிவாகக் கூறுகிறது.

சுவாமிமலைச் சிற்பியர் இன்றும் கைக்கொள்ளும் முறை இது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் திருவுருவத்தை முழுவதுமாகச் செய்வர். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசுவர். பின் பருமண் பூச்சு. உலர்ந்ததும் சூடேற்ற, மெழுகு உருகி வடிந்துவிடும். உள்ளே அதே வடிவில் ஒரு வெற்றிடம் நிற்கும். அவ்வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைப்பர். மெழுகுருவும் அழிந்தது, மண்ணுருவும் அழிந்தது. ஆதலால் ஒரு வார்ப்பைப் போல் மற்றொன்று இராது. செம்பியன் மாதேவியார் காலம் தொட்டுப் பெருகிய சோழர் செப்புத் திருமேனிகள் இவ்வாறு கனமாக வார்க்கப்பட்டவை. இன்று உலகின் அருங்காட்சியகங்கள் போற்றும் சோழர்கால ஆடல்வல்லான் உருவங்கள் முதலில் மெழுகில்தான் ஆடின. தற்காலத்தில் பாரஃபின் மெழுகும் கலக்கப்படுவதால், தேனீயின் பங்கு குறைந்துவருகிறது.

தேவாரமும் திருவாசகமும் வண்டின் இசையைப் பாடின. அதன் உழைப்போ பாடப்படாமல் உருகிப் போயிற்று. நாம் செய்யும் பேழையில் இந்த இரண்டாவது பகுதிக்கும் ஓரிடம் வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

தேனீக்கு மனிதன் செய்த பெட்டி

நாம் தேனீயின் உருவத்தைப் பெட்டியில் வைக்கிறோம். தேனீயையே பெட்டியில் வைத்த வரலாறும் உண்டு. மலைத்தேனீ பாறையிலும் உயர்ந்த கட்டடத்திலும் வெட்டவெளியில் ஒற்றை அடை கட்டும். அது பெட்டிக்குள் வாழாது. பொந்துகளின் இருளில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீயே பெட்டிக்கு உடன்படும். 1851-இல் அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் ஒன்றைக் கவனித்தார். சட்டங்களுக்கு இடையே ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், தேனீ அதை அடைக்காமல் தன் வழியாகப் பயன்படுத்துகிறது. அந்த இடைவெளியை மதித்ததால், கூட்டைச் சிதைக்காமல் சட்டத்தை எடுத்துத் தேனைப் பெற முடிந்தது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் அருட்தந்தை நியூட்டன் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நம் தேனீயின் சிற்றுருவுக்கேற்பச் சிறிய பெட்டியை அமைத்தார். அதுவே நியூட்டன் பெட்டி. 1924-இல் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய ஊரகப் பணியால் தேனீ வளர்ப்பு குடிசைத் தொழிலாகப் பரவிற்று. 1991-92-இல் 'தாய் சாக்புரூட்' என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் புகுந்து, பெட்டிகளிலிருந்த இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. வெற்றுப் பெட்டிகள் எஞ்சின.

பேழை செய்யும் முறை

செய்ய விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். பெட்டியின் ஆழம் இரண்டு விரற்கடை போதும். பின்பலகை பலாவாக இருப்பின் நன்று. அதன் இயற்கையான மஞ்சளே பின்னணி ஆகிவிடும். ஒரு மூலையில் தேன்மெழுகை மெல்லிய தகடாக ஊற்றி, இளஞ்சூட்டில் அறுகோணங்களாக அழுத்துங்கள். மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகிவிடும். ஆகவே கொதிநீர்ப் பாத்திரத்துள் வைத்துத்தான் உருக்கவேண்டும், நேர்நெருப்பு கூடாது. தேனீயின் உடல் காகிதக் கூழ். சிறகு சீவிய நெட்டி. ஈர்க்குத் துண்டின்மேல் அதைப் பொருத்திப் பலகையிலிருந்து சற்றே விலக்கி நிறுத்தினால் நிழல் விழும்.

கிளைக்குத் தில்லையை வையுங்கள். ஆனால் மரத்திலிருந்து ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே தீங்கு. சிதம்பரத்திற்குப் பெயர் தந்த அம்மரத்தைக் காண இன்று நாம் ஊருக்குக் கிழக்கே பிச்சாவரம் உப்பங்கழிக்குச் செல்லவேண்டும். உதிரும் முன் அதன் இலை சிவக்கும். அந்தச் சிவப்பைக் காகிதத்தில் தீட்டிக்கொள்ளலாம். வங்கத்தின் சுந்தரவனத்தில் தேனீக்கள் நாடும் மரங்களுள் இதுவும் ஒன்று. தில்லைக் கிளையும் தும்பியும் ஒன்றாக நிற்பது வெறும் கற்பனையாகாது.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: பெட்டியை நிரப்பிவிடாதீர்கள். பாதியேனும் வெறுமையாக இருக்கட்டும். சிற்பியின் அச்சில் மெழுகு விட்டுச்சென்ற இடமும், தேனீ தன் வழிக்கென்று விட்ட இடமும் வெறுமைதான். தில்லைச் சிற்றம்பலத்தில் திரையை விலக்கிக் காட்டப்படுவதும் பொன் வில்வமாலை தொங்கும் ஒரு வெளியே. கீழே ஒரு வரி எழுத வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். தும்பியின் பழம்பெயர்களுள் ஒன்றை எழுதுங்கள். காண்பவர் அதன் பொருளைக் கேட்பார். அப்போது மெழுகைப் பற்றியும், சாய்ந்த பலாவைப் பற்றியும், ஊரைவிட்டுப் போன தில்்லையைப் பற்றியும் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்.