புல்லட் என்ஜினில் ரோலர் கேம்ஷாஃப்ட்

கேம்ஷாஃப்ட் என்பது என்ஜினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடச் செய்யும் தண்டு ஆகும். இத்தண்டில் முட்டை வடிவ மேடுகள் உண்டு. மேடு சுழன்று வரும்போது அதன்மேல் அமர்ந்துள்ள டேப்பட் உயர்ந்து, புஷ்ராடு வழியாக வால்வைத் திறக்கும். டேப்பட்டின் அடி தட்டையாக இருந்தால் அது மேட்டின் மேல் உரசும்; அடியில் சிறு சக்கரம் இருந்தால் உருளும். உரசலிலிருந்து உருளலுக்கு வந்த இந்த மாற்றத்தைத் தமிழ்நாட்டில் தயாராகும் புல்லட் மோட்டார் சைக்கிளில் தெளிவாகக் காணலாம்.

கொங்கு நாட்டில் உருளை

மேட்டின்மேல் உருளும் சக்கரம் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் பரவிய சாதாரண விசைத்தறியில், பாவு நூல்களைப் பிரித்து நாடா ஓட வழிவிடும் மிதிகள் சிறு உருளைகளின் வழியாகவே அழுத்தப்படுகின்றன. தறியில் அந்த மேட்டுக்கே டேப்பட் என்று பெயர். நாமக்கல், சங்ககிரி லாரிகளில் நெடுங்காலம் ஓடிய வரிசை வகை டீசல் பம்புகளின் உள்ளேயும் ரோலர் டேப்பட்டுகள் இருந்தன. ஆனால் அதே பட்டறைகளுக்கு வந்த பழைய புல்லட்டில் உரசும் டேப்பட்டே இருந்தது.

பழைய என்ஜின்

1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பழைய வார்ப்பிரும்பு என்ஜின் சுமார் அரை நூற்றாண்டு நீடித்தது. கேம், என்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் சுழலும். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், ஒவ்வொரு டேப்பட்டும் நிமிடத்துக்கு 1500 முறை மேடேறி இறங்கும். இந்த உரசலால் தேய்மானம் உண்டாகும். இடைவெளி கூடினால் தட்டும் ஓசை எழும்.

அதைச் சரிசெய்வது மெக்கானிக்கின் விரல் வித்தை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வலப்பக்க மூடியைக் கழற்றி, பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்துவார். புஷ்ராடு விரலால் திருப்பினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.

சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. தட்டை டேப்பட்டுக்கென வடித்த மேட்டில் சக்கரத்தை ஓடவிட்டால், வால்வு உயரும் விதமே மாறிவிடும். எனவே கேமின் வடிவமும் மாற வேண்டும். சக்கரம் தொடும் பரப்பு மிகக் குறுகியது; அந்த அழுத்தத்தைத் தாங்கும் உறுதியான கேம் தேவை. தட்டை டேப்பட் தன் அச்சில் சற்றே சுழன்று தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ளும். ரோலர் டேப்பட் அப்படித் திரும்பினால் கேம் பாழாகும்; அது திரும்பாதபடி பிடித்து நிறுத்தும் அமைப்பு வேண்டும். எடை கூடினால் வால்வு ஸ்பிரிங்கும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் முதலில் பந்தயப் பட்டறைகளே இத்தகைய மாற்றத்தைப் பெரிதும் நாடின. பின்னர் ஃபோர்டு 1985-இல் மஸ்டாங் காரின் 5 லிட்டர் வி-8 என்ஜினிலும், செவர்லே 1987-இல் தன் சிறிய வி-8 என்ஜினிலும் ரோலர் டேப்பட்டைக் கொண்டுவந்தன. உராய்வு குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும் என்பது முக்கியக் காரணம்.

புதிய என்ஜின்

ராயல் என்ஃபீல்டு பழைய என்ஜினில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றவில்லை. 2008-இல் வந்த யு.சி.இ. என்ஜினில் கியர்பெட்டியும் என்ஜினும் ஒரே உடலாயின. புஷ்ராடு தொடர்ந்தது, ஆனால் டேப்பட்டின் அடியில் ரோலர் வந்தது. டேப்பட்டுக்குள் இருக்கும் ஆயில் அழுத்தம் இடைவெளியைத் தானே நிரப்பியது. 2009-இல் வெளிவந்த கிளாசிக் வண்டி இந்த என்ஜினைப் பரவலாக்கியது.

பெற்றதும் இழந்ததும்

வண்டி வைத்திருப்போருக்கு அடிக்கடி டேப்பட் வைக்கும் வேலை இல்லாமற்போனது. மெக்கானிக்குக்கோ விரலால் அறிந்த ஒரு கலை தேவையற்றதாயிற்று. பழைய டேப்பட் தட்டினால் ஸ்பேனரால் சரிசெய்யலாம். புதியது பழுதானால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். அதற்குத் தூய்மையான ஆயிலும் இன்றியமையாதது.

ஆயினும் பழைய வண்டிகள் கொங்குச் சாலைகளில் இன்னும் ஓடுகின்றன. புஷ்ராடைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த கைகள் இருக்கும்வரை அவையும் ஓடும். தொழிற்பயிற்சி மாணவர்கள் இரண்டு என்ஜின்களையும் அருகருகே பிரித்துப் பார்ப்பது நல்லது. உரசுவதற்கும் உருள்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூலைவிடத் தேய்ந்த ஒரு டேப்பட் எளிதாக விளக்கிவிடும்.