பூர்ணம் விசுவநாதனின் முதியவர்: சென்னைக்கு வெளியே விளைந்த நடிப்பு

கலை மன்றங்களான சபாக்களின் மேடைகளில் நடந்த சபா நாடகத்தை ஆராய்வோர் கிறிஸ்டன் ருடிசில் 2007இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கடந்தே செல்ல வேண்டும். பிராமண நகைச்சுவை, சென்னைச் சபா நாடகம், நடுத்தர வர்க்க ரசனை, 1950கள் முதல் இன்று வரை என அவரது வரையறை தலைப்பிலேயே நிற்கிறது. கல்விப்புலம் புறக்கணித்த ஒரு நாடக வகையைப் பொருட்படுத்தி ஆராய்ந்தமைக்கு நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். பார்வையாளரின் ரசனையை விளக்க அவரது சட்டகம் உதவுகிறது; நடிகரை விளக்க அது போதாது. நாடகம் எங்கே பார்க்கப்பட்டது என்பது ஒரு கேள்வி. அந்த நடிப்பு எங்கே பயிலப்பட்டது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்குச் சென்னை மட்டும் விடையாகாது.

பூர்ணம் விசுவநாதனை (1921–2008) எடுத்துக்கொள்வோம். திரையில் ‘வருஷம் 16’ (1989) தாத்தாவாகவும் ‘மகாநதி’ (1994) பஞ்சாபகேசனாகவும் தமிழர் மனத்தில் பதிந்தவர். அவர் பயின்ற களம் தில்லியில் இருந்தது. அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தார். எழுத்தாளர் உமாசந்திரனும் ருஷ்ய இலக்கியங்களைத் தமிழாக்கிய பூர்ணம் சோமசுந்தரமும் அவரது உடன்பிறந்தோர். சொல்லைத் தொழிலாகக் கொண்ட குடும்பம் அது.

இங்கே ஒரு பாடபேதத்தை நிறுத்தி ஆராய வேண்டும். ‘இந்தியா விடுதலை பெற்றதை வானொலியில் முதலில் அறிவித்தவர்’ என்று சில நினைவுக் குறிப்புகள் அவரைச் சொல்கின்றன. ‘1947 ஆகஸ்டு 15 அதிகாலை 5.30 மணித் தமிழ்ச் செய்தியில் அதை வாசித்தவர்’ என்பது மற்றொரு வடிவம். முதல் வடிவம் நிற்காது. ஆகஸ்டு 14 இரவு 11 மணிக்குக் கூடிய அரசியல் நிர்ணய சபையின் நள்ளிரவு நிகழ்ச்சியை வானொலியே ஒலிபரப்பியது. நேருவின் உரையைக் கேட்டவர்களுக்கு விடியற்காலைச் செய்தி முதல் அறிவிப்பாகியிருக்க முடியாது. இரண்டாவது வடிவமே ஏற்கத்தக்கது. நடிப்பு வரலாற்றுக்குப் பொருளுள்ளதும் அதுதான். அவ்வளவு பெரிய செய்தியையும் குரல் உயர்த்தாமல், சொல் பிசகாமல், குறித்த நேரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்பது செய்தி வாசிப்பின் விதி. உணர்ச்சியைக் குரலின் அளவில் காட்டாமல் இடைநிறுத்தத்தில் வைக்கும் அவரது மேடைப் பாணிக்கு வேர் அந்த ஒலிபரப்பு அறையில் இருந்தது என்பதே என் துணிபு. நேர்ச் சான்று இதற்குக் குறைவு. ஆயினும், சிறுவர்களை நடிகர்களாக்கிய பாய்ஸ் கம்பெனி நாடக மரபின் உரத்த வசனத்திலிருந்து இந்தத் தணிந்த பேச்சு நேராகப் பிறந்தது என்று கொள்வது இதைவிடக் கடினம். 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியபின், அண்மைக் காட்சி கேட்ட நடிப்பும் இத்தகையதே.

இரண்டாவது களம் பெங்களூர். பூர்ணம் மேடையேற்றிய ‘கடவுள் வந்திருந்தார்’, ‘டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு’, ‘ஊஞ்சல்’ ஆகியவற்றை எழுதிய சுஜாதா, அங்கே ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தில் ஓய்வுபெற்ற சீனிவாசனின் கண்ணுக்கு மட்டும் எதிர்காலத்து விருந்தாளி தெரிகிறான். வீடே அவரைப் பைத்தியம் என்கிறது. அக்குடும்பத்தின் பேச்சில் சாதி அடையாளம் உண்டு. அந்த அளவுக்கு ருடிசில் சொல்வது சரி. ஆனால் நாடகத்தின் விசை அந்தப் பேச்சில் இல்லை. உத்தியோகம் போனதும் சொல்லுக்கு மதிப்புப் போன ஒரு மனிதரின் தனிமையில் இருக்கிறது. மாதச் சம்பள வாழ்க்கை வாழும் எந்த ஊருக்கும் எந்தச் சாதிக்கும் அது புரியும்.

இது ஒருவரோடு முடியும் விதிவிலக்கா? இல்லை. டெல்லி கணேஷ் (1944–2024) விமானப்படையில் 1964 முதல் 1974 வரை பணியாற்றியவர். தில்லியின் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துப் பின்னர் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவுக்கு வந்தார். அவரது திரை அறிமுகமான ‘பட்டினப் பிரவேச’த்துக்கு 1976, 1977 என இரு ஆண்டுகள் தரப்படுகின்றன; படம் வெளியான ஆண்டாக 1977ஐ ஏற்கலாம், முடிவாகச் சொல்ல மாட்டேன். 1979இல் இயக்குநர் துரையின் ‘பசி’யில் அவர் ரிக்‌ஷாக்காரர். சபா மேடையில் வளர்ந்த உடலால் அந்தப் பாத்திரத்தைச் சுமக்க முடிந்தது என்றால், ‘பிராமண நகைச்சுவை’ என்ற பெயருக்குள் அம்மேடையின் நடிப்பை அடைக்க இயலாது.

ஆகவே, சபா நாடகத்தின் குணச்சித்திர நடிப்பு சென்னையில் அரங்கேறியது. அதன் முக்கியமான வேர்கள் தில்லியின் அலுவலகங்களிலும் பெங்களூரின் ஆலைக் குடியிருப்புகளிலும் பரவிக் கிடந்தன. சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்றும் பூர்ணம் அதே ஆண்டு அக்டோபர் 1 அன்றும் மறைந்தனர். இவ்வரலாற்றின் எஞ்சிய ஆவணங்கள் இனி வீடுகளில்தான் இருக்கும். பெங்களூரின் ஸ்ரீராம்புரம், அல்சூர், ஜாலஹள்ளித் தமிழர் வீடுகளில் பழைய நாடக நோட்டீசோ நுழைவுச் சீட்டோ ஆண்டு மலரோ இருந்தால், அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் ஒரு பிரதி எடுத்து நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.