கூடாத கூட்டு

சென்னைப் பட்டணத்தின் ஆதிகால வர்த்தகத்தை ஆராயப் புகுவோர், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாருக்குத் துணி சேகரித்துத் தந்த நம் வணிகர்களின் செல்வப் பெருக்கை வியப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். அச்செல்வர்கள் எவரோடு பங்கு சேர இசைந்தார்கள், எவரோடு சேர மறுத்தார்கள் என்பதன்றோ அதனினும் சுவையான சரித்திரம்!

கும்பினியார் முன்பணத்தை வணிகரிடம் கொடுப்பார்கள். வணிகர் அதை உள்நாட்டுத் தறிகாரருக்குப் பகிர்ந்தளித்து, நெய்து வந்த துணியைக் கோட்டைக் கிடங்கில் இறக்க, அங்கே அது மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கப்படும். பஞ்சமோ படையெடுப்போ வந்தால் முன்பணம் மூழ்கும். ஆகவே, 1680-இல் தலைமை வணிகர் காசி வீரண்ணா காலமாகி, அவருக்குக் கோட்டைப் பீரங்கிகள் மரியாதை முழங்கி ஓய்ந்தபின், வணிகர் பலரையும் ஒரே மூலதனத்தில் பங்காளிகளாகப் பிணைத்துவிட்டால் நஷ்டமும் பங்கிடப்படும் என்று வெள்ளையர் கருதினர்.

கணக்கு பிழையற்றதுதான். ஆனால் ஊர்ச் சாதிகள் வலங்கை, இடங்கை என ஒன்றோடொன்று போட்டியிடும் இரு கட்சிகளாகப் பிரிந்திருந்தன. வணிகருள் கோமுட்டிகள் வலங்கையர். பேரிச் செட்டிகள் இடங்கையர். வராகனுக்குக் கை பேதம் இல்லை, அதை முடிந்து வைத்திருந்தவர்களுக்கு இருந்தது. வெண்குடை பிடிக்கும் உரிமை யாருக்கு, கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவழியே போகலாம் என்பவற்றில் 1652-இலேயே கலகம் மூண்ட ஊர் அது. ஒரே கணக்கில் பெயர் பதிந்தால் லாபத்தோடு கௌரவத்தையும் பங்கிட நேருமே என்ற அச்சம், நஷ்ட பயத்தினும் வலிதாயிருந்தது. இதை மூடத்தனம் என்று வெள்ளையர் நகைத்திருந்தால் அது அவர்களுக்கு அழகன்று. கோட்டையின் பொதுப் போஜன மேசையில் அவர்களும் பதவி வரிசைப்படியே அமர்ந்தார்கள்.

துணி வர்த்தகத்தில் வலங்கையர் கொண்டிருந்த ஏகபோகத்தை உடைக்க எண்ணிய கவர்னர் தாமஸ் பிட், காளவாய்ச் செட்டி, வேங்கடச் செட்டி என்னும் இடங்கை வணிகருக்குத் துணி ஒப்பந்தத்தில் இடமளித்தார். 1707-இல் ஒரு கல்யாண ஊர்வலத்தின்மேல் சண்டை வெடித்தது. ஊர்வலம் வெறும் வியாஜமே, உள்ளே புகைந்தது ஒப்பந்தம் என்பது என் துணிபு. வலங்கையர் திரளாகச் சாந்தோமுக்குக் குடிபெயர்ந்து பட்டணத்தை ஸ்தம்பிக்கச் செய்தனர். முடிவில் பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையருக்கும் முத்தியாலுப்பேட்டை இடங்கையருக்கும் எனத் தெருக்கள் பங்கிடப்பட்டன. பின்னர்க் காளவாய்ச் செட்டி தம் பொருளைக் கொண்டு, இன்று அரண்மனைக்காரத் தெரு எனப்படும் வீதியில் கச்சாலீசுவரர் கோயிலை எழுப்புவித்தார். இடங்கையர் தமக்கெனத் திருவிழா நடத்திக்கொள்ள அதுவே இடமாயிற்று.