'இற்ஸ்' என்னும் சிறு சொல்லின் வரலாறு

ஆங்கிலம் பயிலும் மாணவரின் ஏடுகளில் ஆசிரியரின் சிவப்பு மையை மிகுதியாக உண்ணும் சொற்களுள் 'இற்ஸ்' என்பதும் ஒன்று. 'அதனுடைய' என்னும் பொருளில் அது வெறும் மூன்றெழுத்துச் சொல். 'அது ஆகும்' என்பதன் சுருக்கமாக வருங்கால், இறுதி எழுத்துக்கு முன்னே அப்பொஸ்திரபி என்னும் மேற்குறி இடம்பெறும். செவிக்கு இரண்டும் ஒன்றே. பெயர்ச்சொற்கள் உடைமைப் பொருளில் மேற்குறி ஏற்பதனால், இதற்கும் அதனை இடவேண்டும் என மாணவன் கருதுவது இயல்பே. அதனை அறியாமையென ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலேயர் பலர் நெடுங்காலம் அவ்வாறே எழுதினர்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லே இருந்ததில்லை. 'அவனுடைய' எனப் பொருள்படும் 'ஹிஸ்' என்பதே அஃறிணைக்கும் உரியதாக நின்றது. இலக்கணப் பால் மறைந்து, பொருளின் இயல்பே பாலைத் தீர்மானிக்கும் நிலை வந்தபின், உயிரற்ற பொருளுக்கு அச்சொல் பொருந்தாததாகத் தோன்றலாயிற்று. யோன் புளோரியோ 1598இல் வெளியிட்ட இத்தாலிய ஆங்கில அகராதியில் புதுச்சொல்லைக் காண்கிறோம். ஆயினும் பழமை பேணியோர் அதனை எளிதில் ஏற்றிலர். 1611ஆம் ஆண்டின் விவிலிய மொழிபெயர்ப்பின் முதற்பதிப்பில் அஃது இடம்பெறவில்லை. மரம் தன் இனத்தின்படி கனி தருவதைக் கூறுமிடத்தும் 'ஹிஸ்' என்றே உள்ளது. சேக்ஸ்பியரின் நாடகங்கள் 1623இல் தொகுத்து அச்சிடப்பட்டபோது சில இடங்களில் அது புகுந்தது, பெரும்பாலும் மேற்குறியுடன்.

அக்காலத்தில் அக்குறியால் மயக்கம் மிகுதியாக நேரவில்லை. 'அது ஆகும்' என்பதற்கு வழங்கிய சுருக்கம் 'ரிஸ்' என்பதாகும். பின்னர் அது வழக்குக் குன்ற, இன்றைய சுருக்கம் அதன் இடத்தைப் பிடித்தது. ஒரே வடிவம் இரு பொருளைச் சுமக்க நேர்ந்தது. 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பிலேயே, மாநிலங்களின் சோதனைச் சட்டங்களைக் குறிக்கும் பகுதியில், உடைமைச்சொல் மேற்குறியுடன் நிற்கின்றது. தோமஸ் யெபர்சனும் அவ்வாறு எழுதும் வழக்கமுடையவர். இன்றைய பரீட்சகர் இவர்களுக்கும் புள்ளி குறைத்திருப்பார்! 19ஆம் நூற்றாண்டிலேயே குறியற்ற வடிவம் உடைமைக்கென உறுதிப்பட்டது.

இச்சொல்லின் வயது ஓர் இலக்கிய வழக்கிற்கும் சாட்சியாயிற்று. பிறிஸ்டல் நகரத்து இளைஞன் தோமஸ் சட்டர்ட்டன், 15ஆம் நூற்றாண்டில் ரௌலி என்னும் குருவானவர் பாடியவை எனச் சில பாடல்களை வெளிப்படுத்தினான். வறுமையில் வாடி, 1770இல், பதினேழாம் வயதில் இலண்டனில் இறந்தான். பாடல்கள் 1777இல் நூலாக வந்தபின் அவற்றின் உண்மை பற்றி அறிஞர் கடுமையாக வாதிட்டனர். எழுத்தையும் சொற்களையும் பழமைபோற் புனைவதில் அவன் வல்லவன். ஆனால் அப்பாடல்களுள் ஓரிடத்தில் 'இற்ஸ்' வந்துவிட்டது. ரௌலி வாழ்ந்ததாகக் கூறப்படும் காலத்திற்குப் பின்னரே பிறந்த சொல் அது. அவ்வொரு சொல்லே வழக்கைத் தீர்க்கப் போதுமானது என்பதை ரிச்சட் திரெஞ்சு என்னும் அறிஞர் 1855இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார்.