செக்கடியும் சோப்புக் கட்டியும்

தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்றும் செக்கடித் தெரு என்று ஒரு தெரு இருக்கும்; செக்குதான் இருக்காது. கோயில் மதில் ஓரத்திலோ பொதுக்கிணற்றுப் பக்கத்திலோ ஒரு கல் உரல் மட்டும் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும். மழை பெய்தால் அதன் குழியில் தண்ணீர் தேங்கும், காக்கை வந்து குடித்துவிட்டுப் போகும். சில உரல்களின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால் எழுத்துகள் தெரியும். செக்கைச் செய்து கொடுத்தவரின் பெயர் பொறித்த இப்படிப்பட்ட கல்செக்குகளைக் கல்வெட்டு ஆய்வாளர்கள் பல இடங்களில் படித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். செக்கு வைத்திருந்தவர்கள் அதற்கு வரி கட்ட வேண்டியிருந்தது; செக்கிறை என்பது அந்த வரியின் பெயர். எண்ணெய் வணிகர்களைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சங்கரப்பாடியார் என்று குறிக்கின்றன.

கோயில் விளக்குக்கும் அடுப்படித் தாளிப்புக்கும் தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் வந்தது இந்த ஒரே உரலிலிருந்துதான். இன்றைக்குக் கடையில் வாங்கும் கிரீம் டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் லத்தீன் பெயர்களில் பாதி, அந்தக் காலத்துச் செக்குக்காரர் பெயர் சொல்லி விற்ற சரக்கு. செசாமம் இண்டிகம் என்றால் எள். கோகோஸ் நியூசிபெரா என்றால் தென்னை. ரிசினஸ் கம்யூனிஸ் என்றால் ஆமணக்கு. பெயர் மாறியதில் நம் மக்களுக்கு அந்தச் சரக்கோடு இருந்த அறிமுகமே அறுந்துபோனது. அது எப்படி அறுந்தது என்பது சொல்லப்பட வேண்டிய கதை.

எள்ளிலிருந்து தொடங்குவதே முறை. எள்ளின் நெய்தான் எண்ணெய். தமிழில் தேங்காயிலிருந்து வந்தாலும், வேம்பிலிருந்து வந்தாலும், பூமிக்கடியிலிருந்து மண்ணெண்ணெயாக வந்தாலும் எல்லாவற்றுக்கும் எள்ளின் பெயர்தான். ஹரப்பா அகழாய்விலேயே கருகிய எள் கிடைத்திருக்கிறது. இந்த மண்ணில் அவ்வளவு பழைய பயிர் அது.

செக்கு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கிறீச்சென்ற சத்தம் மறக்காது. உரலுக்குள் சாய்ந்து நிற்கும் உலக்கை, அதை நுகத்தடியோடு இணைக்கும் நீண்ட மரம், அதன்மேல் பாரத்துக்கு வைத்த கல் அல்லது உட்கார்ந்திருக்கும் ஆள், கண்ணைக் கட்டிய மாடு. எள்ளைக் கொட்டிச் சுற்றவிட்டால் முதலில் வருவது எண்ணெய் அல்ல, கருத்த மாவுதான். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கருப்பட்டியைத் தட்டிப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மாவு ஒன்றோடொன்று பிடித்து இறுகி, எண்ணெய் விட்டுப் பிரியும். உரலின் சுவரில் அப்பிக்கொண்ட புண்ணாக்கைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து மாட்டுக்கு வைப்பார்கள். எண்ணெயை அப்படியே விற்பதில்லை. வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, அடியில் மண்டி தங்கிய பிறகு மேலாக வடித்தெடுத்தால்தான் அது நல்லெண்ணெய்.

இழுப்பதற்கு மாடே திணறும் பாரம் அது. அதில் மனிதனைப் பூட்டியது ஆங்கிலேயர் ஆட்சியின் சிறை. விடுதலைப் போராட்டத்துக்காக 1908-இல் தண்டிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அந்தச் செக்கு இன்று சென்னைக் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. ஒரு தொழிலின் கருவி ஒரு நாட்டின் காயமாகவும் நிற்பதை அங்கே போய்ப் பார்க்கலாம்.

எந்த எண்ணெய் எதற்கு என்பதில் வீடுகளுக்குக் குழப்பமே இருந்ததில்லை. உடம்பு முழுக்கத் தேய்த்துக் குளிக்க நல்லெண்ணெய். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். அன்றாடம் தலைக்குத் தேங்காயெண்ணெய். பித்தவெடிப்புக்கும் காய்ந்த இடத்துக்கும் விளக்கெண்ணெய். சொறி சிரங்குக்கு வேப்பெண்ணெய். இலுப்பை எண்ணெய் விளக்குக்குப் போனது. அதன் புண்ணாக்கை இடித்து எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கத் தேய்த்தார்கள்.

இந்தப் பங்கீட்டுக்கு வேதியியல் பிற்பாடு விளக்கம் கொடுத்தது. 1823-இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் கொழுப்புகளைப் பற்றிய தம் பெரிய ஆய்வை வெளியிட்டார். எண்ணெய் என்பது ஒரே பொருள் அல்ல, பல கொழுப்பு அமிலங்கள் கிளிசரினோடு கட்டுண்ட கூட்டு என்பது அதிலிருந்து தெளிவானது. எந்த அமிலம் எவ்வளவு என்பதில்தான் ஒவ்வொரு எண்ணெயின் குணமும் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம்; குளிர் தட்டினால் உறைந்துபோகும். நல்லெண்ணெயில் ஒலியிக், லினோலியிக் இரண்டும் ஏறக்குறையச் சம அளவு. கூடவே செசமோல் போன்ற பொருள்கள் இருப்பதால் மற்ற எண்ணெய்கள் காறிப்போகும் நாளிலும் அது வாடை மாறாமல் நிற்கும். விளக்கெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு ரிசினோலியிக் அமிலம். வேறு எந்த எண்ணெயிலும் இல்லாத அந்தப் பிசுபிசுப்பு அதனால் வந்தது. உதட்டுச்சாயம் செய்கிறவர்கள் இன்றும் விளக்கெண்ணெயைத் தேடுவதற்கும் அதுவே காரணம். சாயப்பொடியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உதட்டை விட்டு வழியாது.

தேய்த்த எண்ணெயைப் போக்கச் சீயக்காய், கொங்குப் பக்கம் உசில இலை அரப்பு, பூந்திக்கொட்டை, பச்சைப்பயற்று மாவு. இவற்றில் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைப்பது சபோனின் என்ற பொருள். அது எண்ணெயை மொத்தமாகச் சுரண்டாமல், மேலே நிற்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மெல்லிய பூச்சை விட்டுவைக்கும். குளித்து வந்த பிள்ளையின் முழங்கையில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது அந்தப் பூச்சின் மேல்தான்.

இந்த ஏற்பாட்டுக்குள் சோப்பு நுழைந்தது கப்பல் வழியாக. 1888-இல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சீமைச் சோப்பில் அதிகம் சேர்ந்த கொழுப்பே எண்ணெய்ப்பனைக் கொட்டை எண்ணெய் அல்லது கொப்பரை எண்ணெய். தேங்காயெண்ணெயில் செய்த சோப்பு மற்றவற்றைவிட எளிதாக நுரைக்கும். உப்புத் தண்ணீரில்கூட நுரைக்கும். வெப்பநாட்டுத் தென்னையும் எண்ணெய்ப்பனையும் ஐரோப்பியத் தொழிற்சாலைக்குப் போய், கட்டியாகி, வேறு பெயரில் திரும்பி வந்தன.

முதல் உலகப்போர் இந்தப் போக்குவரத்தைக் கலைத்தது. சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறையை நடத்திய பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியில் மலபார்க் கரையில் சோப்புச் சோதனைகள் தொடங்கின. அவற்றிலிருந்து கோழிக்கோட்டில் அரசுச் சோப்பு நிலையம் வளர்ந்தது. மைசூரில் சந்தனக் கட்டைகள் ஏற்றுமதி ஆகாமல் தேங்கியதால், 1916-இல் அங்கே சந்தன எண்ணெய் ஆலை பிறந்தது, பின்னாலேயே சந்தனச் சோப்பும் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் கோத்ரெஜ் நிறுவனம் விலங்குக் கொழுப்பு கலக்காமல், தாவர எண்ணெயில் மட்டும் செய்த குளியல் சோப்பைக் கொண்டுவந்தது. மாட்டுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்று தயங்கி நின்ற வீடுகளுக்கும் சோப்பு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

சோப்பு என்பது எண்ணெயோடு காரம் சேர்ந்து உருவாகும் உப்பு. ஈழத் தமிழர் அதைச் சவர்க்காரம் என்றே சொல்கிறார்கள். காரம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அந்தக் காரம்தான் தோலுக்கு வினை. நம் தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத்தன்மை உடையது. 1928-இல் ஷாடே, மர்க்கியோனினி என்ற ஜெர்மானிய மருத்துவர்கள் அதை அமிலப் போர்வை என்று வருணித்தார்கள். சோப்புத் தண்ணீரோ தெளிவான காரம். கழுவும்போதெல்லாம் தோலின் சொந்த எண்ணெயையும் சேர்த்துக் கொண்டுபோகும். குளித்த பின் தோல் இழுத்துப் பிடிப்பது அதனால்தான்.

இதில் இன்னொரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. எண்ணெய் சோப்பாக மாறும்போது கிளிசரின் தனியே பிரியும். 1779-இல் ஷீலே என்ற சுவீடன் வேதியியலாளர் ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு காய்ச்சியபோது கண்ட இனிப்பான திரவம் அது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. பெரிய ஆலைகள் இதைச் சோப்பிலிருந்து பிரித்தெடுத்துத் தனியாக விற்கின்றன. அது கிரீமிலும் லோஷனிலும் சேர்கிறது. ஒரே தேங்காயின் ஒரு பங்கு தோலை உலர்த்துகிறது, இன்னொரு பங்கு அதை ஈரமாக்க வேறு விலையில் வருகிறது. சோப்பு உறையில் சோடியம் கோகோயேட் என்று படித்தால் அது தேங்காயெண்ணெய்ச் சோப்பு, சோடியம் பால்மேட் என்றால் பாமாயில் சோப்பு, டோக்கோபெரால் என்றால் வைட்டமின் ஈ. இந்தப் பெயர்களுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. உறையில் முதலில் வரும் பெயர்தான் பொதுவாக அளவில் அதிகம். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் மூலிகை கடைசி வரியில் இருந்தால், அதை எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று வாங்குகிறவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதற்காகப் பழையது எல்லாமே சரி என்று சொல்லிவிட முடியாது. கூந்தல் தைலம் பூசுகிறவர்களுக்கு நெற்றியோரத்தில் பொரிப்பொரியாக வரும் பருவை 1970-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் தனி நோயாகவே விவரித்தார்கள். தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைத்துப் பள்ளிக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் நெற்றியில் அதை இங்கேயும் காணலாம். பச்சைக்குழந்தையைக் காலில் கிடத்தி, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கத்தைக் குழந்தை மருத்துவர்கள் கண்டிப்பாக நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவாகிவிடும். பாட்டிமார்களின் கை அன்பானதுதான், ஆனாலும் இந்த ஒன்றை விட்டே ஆகவேண்டும்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதிலும் அப்படித்தான். டாக்கா சிசு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெயை மென்மையாகத் தடவியதில் மருத்துவமனைத் தொற்று சுமார் 40 சதவீதம் குறைந்ததை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பெரியவர்களின் கையில் சில வாரம் தொடர்ந்து பூசிய ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பையே பலவீனப்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஒலியிக் அமிலம் மிகுந்தது தோலின் அடுக்கைக் கலைக்கிறது, லினோலியிக் மிகுந்தது அதைக் காக்கிறது. இரண்டுமே தாவர எண்ணெய், இரண்டுமே இயற்கை.

மறுபடியும் செக்குக்கு வந்தால், 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் செக்கைச் சீர்திருத்த முனைந்தது. அதற்குப் பிறகும் எக்ஸ்பெல்லர் என்ற பிழியும் இயந்திரமும், எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன் கரைப்பானும் செக்கடிகளை ஒவ்வொன்றாக மூடின. இப்போது நகரத்து முக்குகளில் மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் மறுபடியும் வந்திருக்கின்றன. வாகை மர உரல், மாட்டுக்குப் பதில் மோட்டார். கருப்பட்டி வாசத்தோடு எண்ணெய் இறங்குவதை வாசலில் நின்றே பார்க்கலாம். வாங்கப் போனால் கடைக்காரர் அன்றைக்கு ஆட்டியதைக் கொடுக்காமல், ஓரமாக வெயிலில் வைத்திருக்கும் தூக்கிலிருந்துதான் அளந்து ஊற்றுவார். மண்டி தங்க நாலு நாளாவது ஆகும்.