ஷொரணூர்: வண்டி மாறும் ஊரின் வரலாறு

போத்தனூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் ரயில், பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றைக் கடந்து ஒலவக்கோட்டை அடைந்ததும் ஓர் ஆற்றின் துணையைப் பெறுகிறது. ஒற்றைப்பாலம், ஷொரணூர், பட்டாம்பி, குற்றிப்புறம் என அடுத்தடுத்து வரும் நிலையங்கள் யாவும் பாரதப்புழையின் வடகரையிலேயே அமைந்துள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலமுள்ள அந்த இடைவெளியும், அதன் வழியே மேற்கே வடியும் 209 கி.மீ. நீள ஆறும் சேர்ந்தே இப்பாதையை முடிவு செய்தன. மலையைக் குடையத் தேவையில்லை. ஆற்றின் கரையைத் தொடர்ந்தால் போதும். ஆனால் வடகரையைத் தேர்ந்ததில் நில அமைப்போடு அரசியலும் கலந்திருந்தது. ஷொரணூர்ப் பகுதியில் வடகரை பிரிட்டிஷ் மலபார். தென்கரை கொச்சி சமஸ்தானம். மதராஸ் ரயில்வே கம்பெனி ஆற்றைத் தாண்டாமலேயே அரபிக்கடலை எட்டிவிட்டது.

தென்னிந்திய ரயில் வரலாறு பெரும்பாலும் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய வண்டியோடு தொடங்கப்படுகிறது. மேற்குக் கரையில் இதே பாதையின் மறுமுனை 1861 மார்ச் 12 அன்று பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே திறக்கப்பட்டது என்பது தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படுவதில்லை. பேப்பூர் என்று ஏட்டில் எழுதப்பட்டாலும் நிலையம் ஆற்றுக்கு இப்பால் சாலியத்தில் இருந்தது. இரு முனைகளிலிருந்தும் வளர்ந்த பாதை 1862-இல் இணைந்தபோது ஷொரணூர் அதில் ஓர் இடைநிலையம் மட்டுமே. கவளப்பாறை நாயர் குடும்பத்தின் ஆதிக்கத்திலிருந்த வயல்களும் தோப்புகளும் சூழ்ந்த சிற்றூர். அதைத் தனித்து நினைவுகூர அன்று ஒரு காரணமும் இல்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளும் அப்படியே கழிந்தன; 1888-இல் பாதை கோழிக்கோட்டை அடைந்ததும் சாலியம் கைவிடப்பட்டது. ரயில் ஓர் ஊரை எவ்வளவு எளிதில் உருவாக்குமோ அவ்வளவு எளிதில் மறக்கும் என்பதற்குச் சாலியமே இப்பாதையின் முதல் சான்று.

ஷொரணூரின் வரலாறு உண்மையில் தென்கரையில் தொடங்குகிறது. கொச்சி 1862 முதல் 1902 வரை ரயில் இல்லாத சமஸ்தானமாகவே இருந்தது. திருச்சூர்க்காரர் ஒருவர் சென்னைக்கு ரயிலேற வேண்டுமெனில் மாட்டுவண்டியில் ஷொரணூர் வரை வந்தாக வேண்டும். இந்நிலையை மாற்றிய பெருமை மன்னர் ராமவர்மாவுக்கு அளிக்கப்படுகிறது. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் பதினைந்து தங்க நெற்றிப்பட்டங்களில் பதினான்கை விற்று அவர் பாதை அமைத்தார் என்ற செய்தி கேரளத்தில் இன்றும் பெருமிதத்தோடு சொல்லப்படுகிறது. கதை அழகானதுதான். ஆயினும் 100 கி.மீ.க்கும் அதிகமான பாதை, பாலங்கள், நிலையங்கள் ஆகியவற்றின் செலவு முழுவதையும் நெற்றிப்பட்டங்கள் சுமந்திருக்க இயலாது. சமஸ்தானத்தின் பொது வருவாய், அதாவது நிலவரி செலுத்தியவரும் காட்டில் மரம் வெட்டியவரும் ஈட்டித் தந்த பணம், இதில் கணிசமாகக் கலந்திருந்தது. யானையின் நெற்றியில் மின்னும் பொன் நினைவில் நிற்கிறது, வரி நிற்பதில்லை. திட்டம் உருப்பெற்ற ஆண்டுகளில் திவானாக இருந்தவர் மதராஸ் நிர்வாகத்திலிருந்து சென்ற பி. ராஜகோபாலாச்சாரி என்பதும் அக்கதையில் இடம்பெறுவதில்லை.

1902 ஜூன் மாதம் சரக்கு வண்டிகளும் ஜூலையில் பயணியர் வண்டிகளும் ஷொரணூருக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையே ஓடத் தொடங்கின. இங்குதான் ஊரின் விதியை எழுதிய முடிவு எடுக்கப்பட்டது. மதராஸ் ரயில்வேயின் பாதை அகலப்பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மி.மீ. செலவைக் குறைக்க எண்ணிய கொச்சி தேர்ந்ததோ மீட்டர் பாதை, 1000 மி.மீ. எனவே ஆற்றைக் கடந்து வந்த கொச்சி வண்டி ஷொரணூருக்கு அப்பால் ஓர் அடியும் நகர முடியாது. வடக்கேயிருந்து வந்த வண்டிக்கும் தெற்கே வழியில்லை. பயணி இறங்கினார், மூட்டைகளும் பெட்டிகளும் இறங்கின. ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்குத் தோள்மாற்றி ஏற்றப்பட்டன. 676 மி.மீ. வேறுபாடு முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு ஓர் ஊருக்குச் சோறிட்டது.

ரயில் ஆவணங்கள் இந்த இடைமாற்றத்தைத் தாமதமாகவும் செலவாகவும் மட்டுமே காண்கின்றன. டன் கணக்கும் மைல் கணக்கும் அவற்றில் உண்டு. தூக்கிய கைகளின் கணக்கு இல்லை. ஆனால் சுமைகூலி, வண்டிக்காரர், உணவுக்கடை, இரவு தங்கும் சத்திரம், காவல், அஞ்சல் பை மாற்றுவோர் எனச் சந்திப்பு நிலையமொன்றைச் சுற்றி எழும் பிழைப்புகள் அனைத்தும் அந்தத் தாமதத்திலிருந்தே பிறக்கின்றன. வண்டி நிற்காத இடத்தில் தேநீர் விற்பவருக்கு வேலையில்லை. நிர்வாகம் எதைக் குறையெனக் கருதியதோ, ஊர் அதையே முதலாக வைத்து வளர்ந்தது.

மொழியிலும் இந்தச் சந்திப்பின் தடங்கள் உள்ளன. நிலையத்தைத் தமிழர் ‘ரயிலடி’ என்றனர். கோயிலடி, தேரடி, ஆலமரத்தடி போல அது ஓர் இடத்தின் பெயர். மலையாளத்தில் பழைய வழக்கு ‘தீவண்டியாப்பீஸ்’. அங்கே நிலையம் ஓர் அலுவலகம், அதிகாரம் அமர்ந்திருக்கும் கட்டடம். வண்டியையே எடுத்துக்கொண்டாலும் தமிழ் எழுத்துவழக்கு புகையைப் பார்த்தது, மலையாளம் தீயைப் பார்த்தது.

ஊர்ப்பெயர் அதைவிடச் சுவையானது. திராவிட மொழிகளின் தற்சொற்களில் ‘ஷ’ முதலெழுத்தாக வருவதில்லை. பிறகு மலையாள எழுத்திலேயே இவ்வூர் ‘ஷொர்ணூர்’ என எழுதப்படுவது எவ்வாறு? ஆங்கில அலுவலர்கள் தென்னிந்திய ஊர்ப்பெயர்களின் சகரத்தை அடிக்கடி ஷகரமாக எழுதினர். செங்கோட்டை, சோழவந்தான், சோளிங்கர், சேர்த்தலை ஆகிய நான்கும் அவர்களது ஏடுகளில் ஷகரத்தோடுதான் தொடங்கின. தமிழில் யாரும் அதைத் திருப்பி ‘ஷெங்கோட்டை’ என்று எழுதவில்லை. சேர்த்தலையும் தன் சகரத்தைக் காத்துக்கொண்டது. ஷொரணூரில் மட்டும் ஆங்கில எழுத்துக்கூட்டல் உள்ளூர் எழுத்துக்கே திரும்பி வந்து நிலைத்துவிட்டது எனக் கருத இடமுண்டு. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள செறுதுருத்திக்கு அந்நிலை நேரவில்லை. ஊரைவிடப் பலகை அதிகம் வாசிக்கப்பட்ட இடத்தில், பலகையின் ஒலியே ஊரின் ஒலியாவதில் வியப்பில்லை.

1908-இல் மதராஸ் ரயில்வே கலைக்கப்பட்டு, ஜோலார்பேட்டைக்கு மேற்கே மங்களூர் வரையிலான பாதை தென்னிந்திய ரயில்வேயின் கைக்கு வந்தது. 1921-இல் இப்பாதை வேறொரு காரணத்தால் வரலாற்றில் ஏறியது. மாப்பிள்ளைக் கிளர்ச்சியின்போது கைதான சுமார் நூறு பேர் நவம்பர் மாத இரவொன்றில் திரூரில் காற்றுப்புகாத சரக்குப் பெட்டியில் அடைக்கப்பட்டனர். வண்டி பட்டாம்பி, ஷொரணூர், ஒலவக்கோடு வழியாகச் சென்று போத்தனூரை அடைந்து கதவு திறக்கப்பட்டபோது பலர் மூச்சுத்திணறி இறந்துகிடந்தனர். மொத்த உயிரிழப்பு அறுபதைத் தாண்டியது. திரூரில் நினைவு மண்டபம் உண்டு. இடையிலுள்ள நிலையங்களுக்கு அந்த இரவைப் பற்றிய நினைவுச்சின்னம் தேவையென எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. ஒரு கொடுமை தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஏட்டில் ஏறுகின்றன, அது கடந்து சென்ற இடங்கள் தப்பிவிடுகின்றன.

கிளர்ச்சி நடந்த ஏறநாட்டுப் பகுதிக்கே 1927-இல் ஷொரணூரிலிருந்து ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. வல்லப்புழை, குலுக்கல்லூர், அங்காடிப்புறம், மேலாற்றூர், வாணியம்பலம் வழியாக நிலம்பூர் வரை 66 கி.மீ. மலபார் கலெக்டர் கனோலியின் காலத்தில், 1840-களில், சாத்து மேனோனின் மேற்பார்வையில் நட்டு வளர்க்கப்பட்ட தேக்குத் தோட்டங்கள் நிலம்பூரில் இருந்தன. மரத்தை வெளியே கொண்டுவருவது பாதையின் வெளிப்படையான நோக்கம். ஆறே ஆண்டுகளுக்கு முன் படைகளால் எளிதில் எட்ட முடியாதிருந்த நிலப்பகுதி இப்போது ரயிலுக்கு அருகில் வந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். இப்பாதையின் பிற்காலம் விந்தையானது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், இந்தியாவின் வேறு பல கிளைப்பாதைகளைப் போலவே இதன் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, மக்களின் வற்புறுத்தலால், 1954-இல் மீண்டும் இடப்பட்டன. அரசு தன் தேவைக்காக இட்ட பாதையை மக்கள் தம் தேவைக்காகத் திரும்பக் கேட்டுப் பெற்றது இந்திய ரயில் வரலாற்றில் அடிக்கடி நிகழ்ந்ததன்று. இன்று தேக்கும் ஆலும் நிழல்விரிக்கும் அப்பாதையைக் காணச் சுற்றுலாப் பயணியர் வருகின்றனர். அதில் நாள்தோறும் செல்பவர்கள் மாணவர்களும் கூலித்தொழிலாளரும்தான்.

இதற்கிடையே ஷொரணூரின் முதல் பிழைப்பு முடிந்துவிட்டது. கொச்சியில் ராபர்ட் பிரிஸ்டோவின் பொறுப்பில் துறைமுக வாயிலின் மணல்திட்டு 1928-இல் வெட்டப்பட்டு, பெரிய கப்பல்கள் உள்ளே வந்தன. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கு நூறு கி.மீ. தொலைவில் மறுபடியும் வண்டி மாற வேண்டும் என்பதை எந்தத் துறைமுகமும் பொறுக்காது. 1930-களின் நடுவில் கொச்சிப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. எர்ணாகுளத்துப் பெட்டி இனி சென்னைவரை நேராகச் செல்லலாம்.

ஆயினும் நிலத்தின் வடிவம் ஊருக்கு இன்னொரு தடையைக் கொடையாக வைத்திருந்தது. திருச்சூரிலிருந்து ஆற்றைக் கடந்து வரும் பாதை மேற்கு நோக்கி வளைந்து நிலையத்துள் நுழைகிறது. கோழிக்கோடு செல்லும் வண்டி அப்படியே தொடரலாம். பாலக்காடு செல்ல வேண்டிய வண்டியோ வந்த திசையிலேயே திரும்பியாக வேண்டும். எஞ்சினைக் கழற்றி, மறுமுனைக்குக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். அந்த அரைமணி நேரத்தில் கேரளத்தின் பல தலைமுறைப் பயணிகள் ஷொரணூரை அறிந்தனர். உண்டனர், நீர் பிடித்தனர், செய்தித்தாள் வாங்கினர். செறுதுருத்தியில் வள்ளத்தோள் நிலைநிறுத்திய கலாமண்டலத்துக்குச் செல்வோர் இறங்கியதும் இங்கேயே. 1949-இல் கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தபின்னும் ஆறு சென்னை மாநிலத்தின் எல்லையாகவே இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் இருகரைகளும் ஒரே மாநிலமாயின. எல்லை அழிந்தது, பாதையின் அகலம் ஒன்றானது. எஞ்சியது எஞ்சின் மாற்றம் ஒன்றே.

அதற்கும் தீர்வு கண்டாயிற்று. ஆற்றங்கரையிலிருந்து பாலக்காட்டுத் திசைக்கு நேராகப் பிரியும் இணைப்புப் பாதை முக்கோணத்தின் மூன்றாம் பக்கத்தை நிறைவு செய்கிறது. நீண்டதூர விரைவுவண்டிகள் பல அதன்வழியே ஷொரணூர் நிலையத்துள் நுழையாமலே சென்றுவிடுகின்றன. பரப்பளவில் கேரளத்தின் மிகப்பெரிய நிலையம் என்று இன்றும் சொல்லப்படும் ஏழு நடைமேடைகளிலிருந்து பார்த்தால் அவை கண்ணிலும் படுவதில்லை. ஒரு பயணி மிச்சப்படுத்தும் அரைமணி நேரம் நியாயமான ஆதாயம்தான். நிறுத்தம் வேண்டுமென்று ஊரார் எழுப்பும் கோரிக்கையை வட்டாரப் பிடிவாதமென ஒதுக்குவோர், 2011 கணக்கெடுப்பில் 43,533 பேர் வாழ்ந்த ஒரு நகராட்சி எதன்மேல் நிற்கிறது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஆறும் மெலிந்துவிட்டது. மேலே அணைகள் கட்டப்பட்டன. கீழே மணல் அள்ளப்பட்டது. ‘கொச்சிப் பாலம்’ என மக்கள் அழைத்த பழைய பாலம், அருகே 2003-இல் புதிய சாலைப்பாலம் வந்தபின் போக்குவரத்தற்றுக் கிடந்து, பின்னர் அதன் ஒரு பகுதி மணலில் சரிந்தது. ரயில்பாலம் மட்டும் ஓய்வின்றி அதிர்கிறது.

2024 நவம்பர் 2 அன்று அந்த ரயில்பாலத்தில் நான்கு ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் தண்டவாளத்தோரக் குப்பையை அகற்றிக்கொண்டிருந்தனர். இரு பெண்கள், இரு ஆண்கள், சேலம் மாவட்டத்துக்காரர்கள். திருவனந்தபுரத்துக்குச் செல்லும் கேரளா எக்ஸ்பிரஸ் மோதி நால்வரும் இறந்தனர். 1862-இல் மதராஸிலிருந்து சேலம் வழியாக வந்த பாதையே அவர்களையும் இங்குக் கொண்டுவந்தது. ஷொரணூரில் சுமை தூக்கியவர்களைப் போலவே அவர்களும் ரயில்வேயின் நிலையான ஊழியர் பட்டியலில் இல்லை.